இரண்டு நடவடிக்கைகளோடு நின்றுபோன உடன்பாடு: ஐரோப்பிய ஒன்றியமும் நேட்டோவும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 27 நாடுகள் உள்ளன, நேட்டோ இராணுவக் கூட்டணியில் 32. இவற்றுள் 23 நாடுகள் இரண்டிலும் உறுப்பினர்கள். இரண்டின் தலைமையகங்களும் பிரஸ்ஸல்ஸ் நகரிலேயே சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஓர் ஐரோப்பிய அரசு நேட்டோவுக்கென்று ஒரு படையையும் ஒன்றியத்துக்கென்று வேறொரு படையையும் வைத்திருப்பதில்லை. இருக்கும் வீரர்களையே தேவைக்கேற்ப இரண்டுக்கும் அனுப்புகிறது. இத்தகைய இரண்டு அமைப்புகள் கூடிப் பேசவும் தகவலைப் பகிரவும் எந்தத் தடையும் இருக்காது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். நடப்பு அப்படி இல்லை.

இவ்விரு அமைப்புகளும் 2003 மார்ச் மாதத்தில் "பெர்லின் பிளஸ்" என்ற பெயரில் ஒரு விரிவான ஏற்பாட்டைச் செய்துகொண்டன. நேட்டோவின் திட்டமிடும் அமைப்பையும் கட்டளை அமைப்பையும் இரவலாகப் பெற்று ஒன்றியம் தன் சொந்த இராணுவ நடவடிக்கைகளை நடத்தலாம் என்பதே அதன் சாரம். அந்த ஏற்பாட்டின் கீழ் இன்றுவரை நடந்தவை இரண்டே நடவடிக்கைகள்: மாசிடோனியாவில் ஒன்று, போஸ்னியாவில் மற்றொன்று. இரண்டும் குறிப்பிடத்தக்க குறையின்றி இயங்கின. ஆனால் மூன்றாவதாக ஒன்று தொடங்கப்படவே இல்லை. நல்லபடியாக இயங்கிய ஓர் ஏற்பாடு ஏன் முடங்கியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்கான காரணம் இராணுவத் திறனிலோ பண வசதியிலோ இல்லை. சைப்ரஸ் என்ற தீவின் தீர்க்கப்படாத பிரச்சினையை இரண்டு அமைப்புகளும் தத்தம் முடிவெடுக்கும் முறைக்குள்ளேயே குடியேற விட்டதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

உடன்பாடு உருவான விதம்

யூகோஸ்லாவியா சிதறியபோது தங்கள் வாசலில் நடந்த போரை ஐரோப்பிய நாடுகளால் தாமாக நிறுத்த முடியவில்லை. 1995-ல் போஸ்னியாவிலும் 1999-ல் கொசோவோவிலும் அமெரிக்க விமானப்படையின் பலமே முடிவைத் தீர்மானித்தது. இந்த இயலாமை ஐரோப்பியத் தலைநகரங்களை உறுத்தியது. 1996 ஜூனில் பெர்லினில் கூடிய நேட்டோ வெளியுறவு அமைச்சர்கள், ஐரோப்பிய நாடுகள் தாமே முன்னின்று நடத்தும் நடவடிக்கைகளுக்கு நேட்டோவின் வளங்களைப் பயன்படுத்தலாம் என்பதைக் கொள்கையளவில் ஏற்றனர். அப்போது அந்த வளங்களைப் பெறுவதாக இருந்த அமைப்பு ஐரோப்பிய ஒன்றியம் அல்ல; மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்ற தனியொரு பாதுகாப்பு அமைப்பு. 1998 டிசம்பரில் பிரான்சின் சேன் மாலோ நகரில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக்கும் சந்தித்து, தன்னிச்சையாகச் செயல்படும் இராணுவத் திறன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கே வேண்டும் என்று அறிவித்த பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் உடனே மூன்று நிபந்தனைகளை முன்வைத்தார்: ஐரோப்பாவை நேட்டோவிலிருந்து பிரிக்கக் கூடாது, நேட்டோவிடம் ஏற்கெனவே உள்ளதை மறுபடி கட்டக் கூடாது, ஒன்றியத்தில் இல்லாத நேட்டோ நாடுகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனைதான் பின்னாளில் எல்லாவற்றையும் ஆட்டிப்படைத்தது. அதன் நடுவில் நின்ற நாடு துருக்கி. 1952 முதல் நேட்டோ உறுப்பினரான அந்நாடு மேற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இணை உறுப்பினராக இருந்து, அதன் கூட்டங்களில் அமர்ந்து, ஐரோப்பியப் பாதுகாப்புத் திட்டங்களில் பங்கேற்று வந்தது. அவ்வமைப்பின் பணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மாற்றப்பட்டபோது துருக்கிக்கு இருந்த இருக்கை போயிற்று. தன் எல்லையை ஒட்டிய பகுதிகளில், தன் பங்களிப்பில் உருவான நேட்டோ வளங்களைக் கொண்டு, தன்னைக் கேட்காமலேயே ஒன்றியம் படை அனுப்பக்கூடும் என்ற கவலை அங்காராவில் எழுந்தது. துருக்கியின் பிடிவாதத்தைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்காமல் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் முடியாது. நேட்டோவில் எந்த முடிவும் ஒருமித்த கருத்தோடுதான் எடுக்கப்படும் என்பதால் துருக்கி ஒப்பாதவரை உடன்பாடு கிடையாது. 2001 இறுதியில் அமெரிக்காவும் பிரிட்டனும் துருக்கியோடு பேசி ஒரு சமரச வாசகத்தைத் தயாரித்தன. அதை ஒன்றியத்தின் உறுப்பினரான கிரீஸ் ஏற்க மறுத்தது. 2002 இறுதியில்தான் இரு தரப்பும் இறங்கிவந்தன.

அந்த ஆண்டு டிசம்பரில் கோபன்ஹேகனில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், நேட்டோவின் உறுப்பினராகவோ, உறுப்பினரல்லாத நாடுகளுக்கான அதன் "அமைதிக்கான கூட்டாண்மை" திட்டத்தில் சேர்ந்து நேட்டோவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடாகவோ இருந்தால்தான் பெர்லின் பிளஸ் ஏற்பாட்டில் பங்குபெறலாம் என்று தீர்மானித்தனர். அதே கூட்டத்தில்தான் சைப்ரஸும் மால்டாவும் உட்பட 10 நாடுகளை ஒன்றியத்தில் சேர்ப்பதென்றும் முடிவானது. அந்த இரண்டு நாடுகளும் அப்போது நேட்டோவின் கூட்டாண்மைத் திட்டத்தில் இல்லை. புதிய உறுப்பினர்களை வரவேற்ற மேசையிலேயே அவர்களில் இருவரை வெளியே நிறுத்தும் வாசகமும் கையெழுத்தானது.

2002 டிசம்பர் 16 அன்று கூட்டறிக்கை வெளியானது. 2003 மார்ச் 14 அன்று இரகசியத் தகவல்களைப் பாதுகாப்பதற்கான ஒப்பந்தமும், மார்ச் 17 அன்று ஒன்றியத்தின் உயர் பிரதிநிதி ஹாவியர் சொலானாவுக்கும் நேட்டோ பொதுச்செயலாளர் ஜார்ஜ் ராபர்ட்சனுக்கும் இடையிலான கடிதப் பரிமாற்றமும் முடிந்தன. சொலானா 1999 வரை அதே நேட்டோ பொதுச்செயலாளர் பதவியில் இருந்தவர் என்பதால், மேசையின் இரு பக்கங்களையும் அறிந்தவர் அவர் ஒருவர்தான். உடன்பாட்டின்படி, ஒன்றியம் கேட்டால் நேட்டோவின் திட்டமிடும் வசதி உறுதியாகக் கிடைக்கும்; தலைமையகங்களும் பொது வளங்களும் கிடைக்கக்கூடும்; நேட்டோவின் ஐரோப்பியத் துணைத் தலைமைத் தளபதி ஒன்றியத்தின் நடவடிக்கைத் தளபதியாகவும் செயல்படுவார்.

மாசிடோனியா: முதல் சோதனை

2001-ல் மாசிடோனியாவில் அரசுப் படைகளுக்கும் அல்பேனியக் கிளர்ச்சியாளர்களுக்கும் பல மாதங்கள் மோதல் நடந்தது. ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தான ஓஹ்ரிட் உடன்படிக்கை, அல்பேனிய மொழிக்கும் காவல்துறையில் அல்பேனியர்களுக்கும் உரிய இடம் தருவதாக உறுதியளித்து அந்த மோதலை முடித்துவைத்தது. கிளர்ச்சியாளர்களிடமிருந்து ஆயுதங்களைத் திரட்டும் பணியை நேட்டோ ஏற்றுச் சுமார் ஒரு மாதத்தில் முடித்தது. பின்னர் பன்னாட்டுக் கண்காணிப்பாளர்களைப் பாதுகாக்க ஒரு சிறிய படையை அங்கேயே நிறுத்தியது.

அந்தப் பொறுப்பை ஏற்க விரும்புவதாக ஒன்றியம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆனால் பெர்லின் பிளஸ் முடிவாகாததால் நேட்டோ தன் பணியை மீண்டும் மீண்டும் நீட்டிக்க வேண்டியிருந்தது. அங்காராவிலும் ஏதென்ஸிலும் வாசகங்கள் மீது வாதம் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத மாசிடோனியா தன் பாதுகாப்பு யார் கையில் என்று தெரியாமல் காத்திருந்தது. கடிதப் பரிமாற்றம் முடிந்து சரியாக இரண்டு வாரத்தில், 2003 மார்ச் 31 அன்று, "கான்கார்டியா" நடவடிக்கை தொடங்கியது. ஒன்றியத்தின் வரலாற்றில் முதல் இராணுவ நடவடிக்கை அதுதான்.

படையின் அளவு 400-க்கும் குறைவு. எடை குறைந்த ஆயுதங்களோடு சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, அல்பேனியர்களும் மாசிடோனியர்களும் கலந்து வாழும் வடமேற்குக் கிராமங்களில் ரோந்து போவதும், ஊர்ப் பெரியவர்களைச் சந்திப்பதும், வதந்தி கலவரமாக மாறுவதற்கு முன்பே செய்தியை மேலே அனுப்புவதும் அவர்களின் வேலை. இந்தச் சிறு படையை இயக்கிய கட்டளைச் சங்கிலியோ மிக நீளமானது. அரசியல் கட்டுப்பாடு பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்தின் அரசியல் பாதுகாப்புக் குழுவிடம் இருந்தது. நடவடிக்கைத் தளபதி, நேட்டோவின் துணைத் தலைமைத் தளபதியான ஜெர்மானியக் கடற்படை அதிகாரி ரெய்னர் ஃபெய்ஸ்ட், பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் இருந்தார். இடையில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருந்த நேட்டோ தலைமையகத்தில் ஒன்றியத்தின் ஒரு கட்டளைப் பிரிவு. கடைசியில் ஸ்கோப்யேவில் களத் தலைமையகம். அதன் முதல் தளபதி ஒரு பிரெஞ்சு ஜெனரல். ஸ்கோப்யேவில் நேட்டோவும் தன் அலுவலகத்தை மூடவில்லை.

நானூறு பேருக்கு இத்தனை அடுக்குகளா என்ற கேள்வி அப்போதே, குறிப்பாகப் பிரெஞ்சு தரப்பில், எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஆனாலும் கான்கார்டியாவை அதன் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது தவறு. இரகசிய ஆவணங்கள் ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு எப்படிச் செல்லும், நேட்டோ அதிகாரி ஒருவர் ஒன்றியத்தின் ஆணையை எப்படி நிறைவேற்றுவார் என்பவையெல்லாம் அதுவரை காகிதத்தில் மட்டுமே இருந்தன. அவற்றை ஆபத்து குறைந்த களத்தில் நடத்திப் பார்த்தது கான்கார்டியா. 2003 டிசம்பர் 15 அன்று படை விலக, ஒன்றியத்தின் காவல் பயிற்சிக் குழு அதன் இடத்துக்கு வந்தது. அங்கு மறுபடியும் போர் மூளவில்லை.

அதே 2003 ஜூனில், பிரான்ஸ் முன்னின்று நடத்த, காங்கோவின் புனியா நகருக்கு ஒன்றியம் ஒரு படையை அனுப்பியது. அதில் நேட்டோவின் வளம் எதையும் அது கேட்கவில்லை. பெர்லின் பிளஸ் ஒன்றுதான் வழி என்ற எண்ணம் அந்த ஆண்டிலேயே தகர்ந்துவிட்டது.

போஸ்னியா: ஏற்பாட்டின் உச்சம்

போஸ்னியாவின் அளவு வேறு. 1995-ல் அங்கு போரை முடித்துவைத்த டேட்டன் உடன்படிக்கைக்குப் பின் நேட்டோ தலைமையில் அங்கு இறங்கிய படை சுமார் 60,000 பேர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சுருங்கி, 2004-ல் ஏறத்தாழ 7,000 ஆனது. அந்தப் பொறுப்பை ஒன்றியத்திடம் ஒப்படைக்க ஐ.நா. பாதுகாப்புச் சபை 2004 நவம்பரில் 1575-ஆம் தீர்மானத்தின் வழியாக ஒப்புதல் தந்தது. டிசம்பர் 2 அன்று சரயேவோவை ஒட்டிய புட்மிர் முகாமில் பொறுப்பு கைமாறியது. "அல்தியா" நடவடிக்கையின் முதல் தளபதி பிரிட்டனின் மேஜர் ஜெனரல் டேவிட் லீக்கி.

அன்று நடந்ததைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முந்தின நாள் வரை நேட்டோவின் கீழ் பணிபுரிந்த வீரர்களில் மிகப் பெரும்பாலோர் மறுநாளும் அதே இடத்திலேயே இருந்தார்கள். அதே நாட்டுச் சீருடை, அதே வண்டி, அதே ரோந்துப் பாதை. மாறியது தோள்பட்டையில் இருந்த அடையாளச் சின்னமும், மேலே ஆணை வரும் வழியும் மட்டுமே. படை எண்ணிக்கை குறையாமல் கைமாற்றியதற்குக் காரணம் உண்டு: நேட்டோ போனால் பாதுகாப்பு போய்விடும் என்று போஸ்னிய மக்கள், குறிப்பாக சிரெப்ரெனிட்சா நகரில் நடந்த படுகொலையின் நினைவைச் சுமக்கும் போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள், அஞ்சினார்கள். 1995-ல் ஐரோப்பிய வீரர்களைக் கொண்ட ஐ.நா. படையின் கண்முன்னேதான் அந்தப் படுகொலை நடந்தது. அந்த அச்சத்துக்கு மதிப்பளித்து ஒரு வீரர்கூடக் குறையாததுபோல் காட்டியது சரியான முடிவு. நேட்டோவும் முழுவதுமாக வெளியேறாமல் புட்மிர் முகாமிலேயே ஒரு சிறிய தலைமையகத்தை வைத்துக்கொண்டு, போஸ்னியாவின் பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தத்துக்கு உதவிவருகிறது.

அல்தியாவில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒன்றியத்தின் உறுப்பினர் அல்லாத துருக்கி, தொடக்கத்திலிருந்தே இந்தப் படைக்கு வீரர்களை அனுப்பி வந்திருக்கிறது. ஒன்றியத்தின் உறுப்பினரான சைப்ரஸுக்கோ இதில் இடமே இல்லை.

சைப்ரஸ்: அடைபட்ட கதவு

1974 முதல் சைப்ரஸ் தீவு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வடக்கில் துருக்கியப் படை நிற்கிறது; அங்கு அறிவிக்கப்பட்ட அரசைத் துருக்கி மட்டுமே அங்கீகரித்துள்ளது. 2004 ஏப்ரல் 24 அன்று, ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் ஒன்றிணைப்புத் திட்டத்தின் மீது இரு பகுதிகளிலும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரியட்டுகளில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏற்றனர். கிரேக்க சைப்ரியட்டுகளில் ஏறத்தாழ 76 சதவீதத்தினர் நிராகரித்தனர். ஒரு வாரம் கழித்து, மே 1 அன்று, சைப்ரஸ் பிளவுபட்ட நிலையிலேயே ஒன்றியத்தின் முழு உறுப்பினரானது. தீர்வு வந்தாலும் வராவிட்டாலும் உறுப்புரிமை உறுதி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், சமரசத்துக்கு இருந்த ஊக்கத்தை ஒன்றியமே பறித்துக்கொண்டது. இதை ஒன்றியத்தின் பெரும் தவறுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அன்று முதல் இரு பூட்டுகள் எதிரெதிரே தொங்குகின்றன. சைப்ரஸ் நேட்டோவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொள்வதையும் கூட்டாண்மைத் திட்டத்தில் சேர்வதையும் துருக்கி தடுக்கிறது. ஒன்றியத்தின் ஆயுதத் திட்டங்களை ஒருங்கிணைக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு முகமையுடன் துருக்கி ஏற்பாடு செய்துகொள்வதைச் சைப்ரஸ் தடுக்கிறது. மால்டா 2008-ல் கூட்டாண்மைத் திட்டத்துக்குத் திரும்பியதால் தன் சிக்கலிலிருந்து விடுபட்டது. சைப்ரஸ் மட்டும் தனித்து நிற்கிறது.

இதன் விளைவைப் பிரஸ்ஸல்ஸ் கூட்ட அறைகளில் காணலாம். நேட்டோவின் உச்ச அவையான வட அட்லாண்டிக் கவுன்சிலும் ஒன்றியத்தின் அரசியல் பாதுகாப்புக் குழுவும் முறைப்படி கூடினால், இரகசியத் தகவல் பெறத் தகுதியில்லாத சைப்ரஸ் முன்னிலையில் பெர்லின் பிளஸ் தவிர்ந்த விஷயங்களைப் பேசத் துருக்கி மறுக்கும். சைப்ரஸை வெளியேற்றிவிட்டுப் பேசுவதை ஒன்றியம் ஏற்காது. தன் உறுப்பினர்கள் அனைவரும் சமம் என்பது அதன் அடிப்படை. ஆகவே நிகழ்ச்சி நிரலில் நெடுங்காலம் போஸ்னியா மட்டுமே எஞ்சியது. சூடானின் டார்ஃபூர் எரிந்தபோதும் ஆப்கானிஸ்தானில் இரு அமைப்புகளும் ஒரே மண்ணில் நின்றபோதும், அவற்றின் உச்ச அவைகள் ஒன்றாக அமர்ந்து முறைப்படி ஆராய முடியவில்லை.

களத்தில் விழுந்த சுமை

தலைநகரங்களின் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் களத்தில் இருந்தவர்கள். 2005-ல் டார்ஃபூருக்குச் சென்ற ஆப்பிரிக்க ஒன்றியப் படையை விமானத்தில் ஏற்றிச்செல்ல இரு அமைப்புகளும் முன்வந்தன. யார் ஒருங்கிணைப்பது என்பதில் ஒத்துப்போகாமல் தனித்தனி மையங்களிலிருந்து தனித்தனியாக விமானங்களை அனுப்பின. உதவி பெற்ற ஆப்பிரிக்க அதிகாரிகள் ஒரே பணிக்கு இரு இடங்களில் பேச வேண்டியிருந்தது.

ஆப்கானிஸ்தான் இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு. அங்கு 2007 ஜூனில் ஒன்றியம் ஒரு காவல் பயிற்சிப் பணியைத் தொடங்கியது. பயிற்சியாளர்கள் போக வேண்டிய மாகாணங்களில் பாதுகாப்பு நேட்டோ படையின் கையில். அவர்கள் தாக்கப்பட்டால் மீட்க வருவது யார் என்று இரு அமைப்புகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஒருமித்த கருத்து கிடைக்கவில்லை. அதனால் அந்தந்த மாகாண மறுசீரமைப்புக் குழுவை வழிநடத்திய நாடுகளுடன் தனித்தனியே பேசி ஏற்பாடு செய்துகொள்ளும் நிலை வந்தது. சொந்த நாட்டுப் படை நேட்டோ கொடியின் கீழ் பக்கத்து முகாமில் இருக்க, அதன் பாதுகாப்பைத் தனிக் காகிதத்தின் வழியே கேட்டுப் பெறும் நிலைக்கு அந்தக் காவல் அதிகாரிகளைத் தள்ளியது மன்னிக்கத்தக்க செயல் அல்ல. கொசோவோவிலும், 2008-ல் வந்த ஒன்றியத்தின் சட்ட ஒழுங்குப் பணிக்கும் நேட்டோ படைக்கும் இடையே முறையான ஒப்பந்தம் உருவாகவில்லை. இரு தரப்புத் தளபதிகளும் களத்தில் பேசி முடித்த தொழில்நுட்ப ஏற்பாடுகளே கைகொடுத்தன.

சோமாலியக் கடலில் நிலைமை சற்று மேல். 2008 டிசம்பரில் ஒன்றியம் கடற்கொள்ளை எதிர்ப்புப் பணியைத் தொடங்கியது. நேட்டோவும் தனியாகத் தொடங்கி 2016 வரை நடத்தியது. இரண்டின் தலைமையகங்களும் இங்கிலாந்தின் நார்த்வுட் வளாகத்திலேயே இருந்ததால் அதிகாரிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடிந்தது. பஹ்ரைனில் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் இந்தியா, சீனா உள்ளிட்ட பல நாட்டுக் கடற்படைகளும் கலந்துகொண்டன. ஒரு முறையான உடன்பாடும் இல்லாமலேயே இது நடந்தது என்பதைக் காட்டி, உடன்பாடே தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். கடற்கொள்ளையருக்கு ஆதரவாக எந்த அரசும் பேசாத, யாருக்கும் யார் மீதும் ஐயம் இல்லாத ஒரு பிரச்சினையில் கிடைத்த வெற்றியைப் பொதுவிதியாக்குவது ஆபத்து.

2016-க்குப் பின்

2014-ல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதும் 2015-ல் அகதிகள் பெருமளவில் வந்ததும் இரு அமைப்புகளையும் நெருக்கின. 2016 ஜூலை 8 அன்று வார்சாவில் இரண்டின் தலைவர்களும் கூட்டறிக்கை வெளியிட்டனர். இணையப் பாதுகாப்பு, பொய்ச் செய்திகளை எதிர்கொள்ளுதல், கடல் பாதுகாப்பு, பயிற்சிகள் எனப் பல துறைகளில் 42 செயல்திட்டங்கள் முதலில் வகுக்கப்பட்டன. மறு ஆண்டில் அவை 74 ஆயின. 2018-லும் 2023 ஜனவரியிலும் மேலும் இரு அறிக்கைகள் வந்தன. இவற்றின் பெரும்பகுதி அலுவலர் மட்டத்தில் நடக்கிறது. இரகசியத் தகவல் தேவைப்படாத, ஒருமித்த வாக்கு தேவைப்படாத வேலைகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அது புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் தடையைச் சுற்றிப் போகும் பாதை நீள நீள, அந்தத் தடையை அகற்றும் அவசரம் குறைகிறது.

அல்தியா இன்றும் நடக்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், வழக்கமாகப் பிரிட்டிஷ் அதிகாரி வகிக்கும் நேட்டோ துணைத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து அல்தியாவின் பொறுப்பு 2019-ல் அதே தலைமையகத்தின் வேறோர் ஐரோப்பிய அதிகாரிக்கு மாற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களுக்குள், சுமார் 600 பேராகச் சுருங்கியிருந்த படையை ஒன்றியம் ஏறத்தாழ 1,100-ஆக உயர்த்தியது. ஆண்டுதோறும் நவம்பரில் பாதுகாப்புச் சபை இதன் ஆணையை நீட்டிக்க வேண்டும். அங்கு ரஷ்யாவுக்குத் தடை அதிகாரம் உண்டு. ஏதோ ஓர் ஆண்டில் அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டால் பொறுப்பை மீண்டும் நேட்டோ ஏற்க வேண்டிவரலாம் என்பதால், புட்மிர் முகாமின் அந்தச் சிறிய நேட்டோ தலைமையகம் இப்போது முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது.

சைப்ரஸ் அதிபர் நிகோஸ் கிறிஸ்டோடூலிடெஸ், சூழல் கனியும்போது நேட்டோவில் சேர விரும்புவதாக 2024 இறுதியில் அறிவித்தார். துருக்கியின் ஒப்புதல் இன்றி அது நடவாது. தீவின் முழுத் தீர்வுக்குக் காத்திராமல், நேட்டோவுக்கும் சைப்ரஸுக்கும் இடையே இரகசியத் தகவல் ஒப்பந்தத்தையும், ஐரோப்பியப் பாதுகாப்பு முகமைக்கும் துருக்கிக்கும் இடையிலான ஏற்பாட்டையும் ஒரே நாளில் கையெழுத்திடச் செய்வதே முதல் படியாக இருக்க முடியும் என்று நினைக்கிறேன். இரண்டுமே எந்த நாட்டின் எல்லையையும் அங்கீகாரத்தையும் தொடாத காகிதங்கள். அங்காராவுக்கும் நிகோசியாவுக்கும் ஒரே சமயத்தில் ஏதோ ஒன்று கிடைக்கும். போஸ்னியாவைத் தவிர வேறெதையும் முறைப்படி விவாதிக்க முடியாத நிலையிலிருந்து இரு அவைகளும் வெளியே வரலாம்.